அம்மா பிடித்து வைத்த இடம்

என் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அதில் துணி போடக்கூடாது, பை வைக்கக்கூடாது, நான் அதில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டியிருக்கிறது? இந்தச் சட்டத்தை நான் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அம்மாவின் நாற்காலியைப் பறித்துக்கொண்டதும் நான்தான்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. மலேசியாவில், கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு, ஆறு பேர். அம்மா இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, ரப்பர் மரங்களில் கோடு வெட்டி, பாலெடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளையும் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீடு திரும்ப மத்தியானம் இரண்டு மணியாகிவிடும். வந்ததும் அடுப்பு. அப்புறம் துணி. அப்புறம் என் மூன்று தம்பிகள். அம்மா நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். துவைக்கும்போது குந்துவார், அதை உட்காருவதில் சேர்க்க முடியாது.

அந்த வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அவர் வீட்டார் பழைய பிரம்பு நாற்காலி ஒன்றைக் குப்பை மேட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்தின் நடுவழியாக நடந்து வந்தார். அப்பா வாசலில் நின்று, "தள்ளுங்க, தள்ளுங்க, கிராணியம்மா வாராங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அறுந்த பிரம்புக்குப் பதிலாக நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்.

சமையல்கட்டின் பின் ஜன்னலோரத்தில் விறகும் அரிசி டின்னும் ஓட்டைக் குடைகளும் கிடந்தன. அத்தனையையும் வெளியேற்றினார். தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கத் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுத்தபோது, துணிக்குப் போடும் நீலத்தை அதில் கரைத்து அந்த மூலைக்கு மட்டும் பூசினார். மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்துத் திரை தைத்தார். பால்மாவு டின்னில் ஒரு குரோட்டன் செடி. நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கால்வாய், நாலு வாழை, தூரத்தில் சுண்ணாம்புக் குன்று. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

"அரை மணி நேரம் என்னய யாரும் கூப்புடக் கூடாது. வீடு பத்திக்கிட்டா மட்டும் வந்து சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தலைக்குக் குளித்து, கைலி மாற்றி, பால் சேர்க்காத கோப்பி-ஓ ஒரு கோப்பையுடன் போய் உட்கார்ந்துகொள்வார். தம்பிகளைத் தடுப்பது என் வேலை. அவர்களை அடித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், "அங்க சாமி இருக்கு, போனா கண்ணக் குத்தும்" என்றேன். அதற்குப் பிறகு மூன்று பேரும் அந்தத் திரைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆறு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் வீட்டில் ஒரு மூலையைக் காலியாக வைப்பது லேசுப்பட்ட குற்றமா? இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, அது பொறுக்கவில்லை. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து நான் வாளியோடு தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றபோது, அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க அண்ணிக்கு என்னமோ ஆயிருச்சு. செவத்துக்கு நீலம் அடிச்சிக்கிட்டு, ஒண்ணுமில்லாத ஜன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. இப்புடித்தான்லா ஆரம்பிக்கும். அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான்தான்."

பேராக் மாநிலத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரிய மனநல மருத்துவமனை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் அங்கேதான் அனுப்பிவைப்போம். ஆனால் பெரியவர் ஒருவர், சிரிக்காமல், என் அம்மாவை அனுப்பியது அதுதான் முதல் தடவை. ஒரு வண்டி வந்து லயத்து முன்னால் நிற்பதுபோல் எனக்குத் தோன்றிவிட்டது.

"அது சாமி எடம் அத்த" என்றேன். "அம்மன் கனவுல வந்து உக்கார எடம் கேட்டுச்சாம்."

"அப்ப ஒங்கம்மா ஏன் உக்காருது?"

நான் கொஞ்சமும் தயங்கவில்லை. "அம்மன் வர்ற வரைக்கும் அம்மா எடம் புடிச்சி வைக்கிறாங்க."

திடலில் படம் காட்டும் நாட்களில் நாங்கள் பிள்ளைகள் சாயங்காலமே போய்ப் பாய் விரித்து, பெரியவர்கள் வரும்வரை இடம் பிடித்து உட்கார்ந்திருப்போம். அதைத்தான் நான் நினைத்தேன். அத்தையும் அதையே நினைத்திருக்க வேண்டும். அவர் வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூட மறந்து என்னையே பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா காண்டாக் கம்போடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. சமையல்கட்டில் பெண்கள். நாற்காலிக்குச் சிவப்புத் துணி கட்டி, கைப்பிடிகளில் வேப்பிலை செருகி, உட்காரும் இடத்தில் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தார்கள். குரோட்டன் செடிக்கும் பொட்டு. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, பெரிய மனிதர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெரியாம பேசிட்டேன் அண்ணி. அம்மன் வர்ற எடம்னு எனக்கு யாரு சொன்னா? ஒங்க பொண்ணு சொன்னப்பறந்தான தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தார். பால் நாற்றம் அடிக்கும் சட்டை, கணுக்காலெல்லாம் சேறு. ஒரு வார்த்தை போதும், அத்தனை பேர் முன்னாலும் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். அம்மா பைத்தியக்காரி ஆகியிருப்பார். நாற்காலி மட்டும் மிஞ்சியிருக்கும்.

"புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார்.

அதோடு முடிந்தது. வெள்ளிதோறும் அம்மா அந்த மூலையைக் கழுவித் துடைத்து விளக்கேற்றினார். தஞ்சோங் ரம்புத்தான் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. குழாயடியில் அம்மாவுக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டார்கள். மத்தியானங்களில் அம்மா குளியல் கொட்டகையில் துவைக்கிற கல்மேல் கொஞ்ச நேரம் உட்காருவார். யாராவது கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார். எண்பதுகளில் தோட்டத்தை விற்று எல்லோரையும் கிளப்பியபோது, அத்தை நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போனார். இன்றைக்கும் மெங்களம்புவில் அத்தை வீட்டுச் சாமி அறையில் அது இருக்கிறது. நான் போனால் நானும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். வேறென்ன செய்ய?

அந்த முதல் வெள்ளியன்று கற்பூரம் காட்டியபோது நான் அம்மாவின் பக்கத்திலேயே நின்றேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அம்மா கைகூப்பி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் மூடவில்லை. உடம்பு லேசாக ஆடியது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். நான் சந்தோஷமாக அப்பாவின் கையைச் சுரண்டி, அம்மாவுக்குச் சாமி வரப்போகிறது என்று சொன்னேன். அம்மாவுக்குக் கால் வலித்தது.