மயில்சாமி என்று ஒருவர் இல்லை

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் சுப்ராயனை எல்லாரும் ‘ஸ்டுடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒரு படம்கூட எடுத்தவனில்லை. அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, அறுப்பு அறுத்துப் பிழைத்தவன். அந்தப் பட்டப்பெயர் அவனுக்கு வந்ததற்குக் காரணம் நான். என் பெயர் தியாகராசன்; அந்த ஊரில் இருபத்தாறு வருஷம் தபால் கொடுத்தவன்.

1977 ஆனி மாதம் சுப்ராயனும் அவன் மனைவி பூவாயியும் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போனார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. சாமி வரும்போது மாடிகளிலிருந்து இறைக்கும் மாம்பழத்தைப் பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். திருவிழாவில் நிலாமணி ஸ்டுடியோ கொட்டகை போட்டிருந்தது. பதினோரு ஊர்களில் கிளை உள்ள பெரிய கம்பெனி. அரண்மனை வரைந்த திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சாமி வந்துவிட்டது என்று சத்தம் கேட்டதும் சுப்ராயன் பழம் பிடிக்க ஓடினான். படத்தைத் தபாலில் அனுப்புவதற்குப் பேரும் ஊரும் சொல்ல நின்றவள் பூவாயி.

படம் வரவில்லை. நவம்பரில் புயல் வந்தது. சுவர் இடிந்து விழுந்து பூவாயி செத்துப்போனாள். ரசீதும் அந்த மண்ணோடு போயிற்று. அவள் முகம் பதிந்திருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

அதற்குப் பிறகு சுப்ராயனுக்கு அதுவே வேலையாகிவிட்டது. திருவிழாவுக்குக் கொட்டகை போட்டது எந்தக் கிளை என்று அவனுக்குத் தெரியாது. வயலில் வேலை இல்லாத சித்திரை, வைகாசியில் பஸ் ஏறுவான். மாயவரம், சிதம்பரம், திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று ஒவ்வொரு கிளையாகப் போய் நின்றான். படம் எடுத்த அன்று போட்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவான், கடைக்காரனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. அவர்கள் நெகடிவ் பெட்டியைத் திறந்து ‘சுப்ராயன்’ என்ற பேரைத் தேடுவார்கள். இல்லை என்பார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் போவான். “என்னடா ஸ்டுடியோ, இந்த வருஷம் எந்த ஸ்தலம்?” என்று ஊரே கேலி செய்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிளைகளுக்கெல்லாம் கார்டு எழுதிக் கொடுத்ததும் நான்தான். 1980இல் ஒருநாள் தஞ்சாவூர் கிளைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

“உன் பேருல பதிஞ்சாங்களா, அவ பேருலயா?” என்று கேட்டேன்.

“என் பேருலதான் இருக்கும்ணே. ஆனா அவ வாயால என் பேரச் சொல்ல மாட்டாளே. ரேசன் கடையிலயும் ‘மயில்ல வர்ற சாமி பேருங்க’ன்னுதான் சொல்லுவா. அவங்களே புரிஞ்சுக்கிட்டு எழுதிக்குவாங்க.”

என் பேனா நின்றுவிட்டது. புயலுக்கு முந்தின ஆடி மாதம் ஒரு கவர் வந்தது. ‘போட்டோ, மடிக்கக் கூடாது’ என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது. கும்பகோணம் கிளையின் முத்திரை. பேர் மயில்சாமி. அது கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேராயிற்றே, எங்கள் ஊரில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காதே! என் லைனில் எனக்குத் தெரியாத பேரா என்கிற திமிர் எனக்கு. ஊரில் நாற்பது வீடு. நாலு பேரிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பேனா நின்ற அந்த நிமிஷமே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் கொழுக்கட்டை. விசாரிக்காமல் திருப்பினேன் என்று புகார் போனால் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். ரிட்டையர் ஆனதும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். தஞ்சாவூருக்குக் கார்டை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகும் படம் இல்லாத இடத்துக்கெல்லாம் தெரிந்தே எழுதினேன். அவன் ஒவ்வொரு தடவையும் “உங்களுக்குப் புண்ணியமாப் போவும்ணே” என்பான்.

1984 மாசியில் ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நான்தான். அவன் அழவில்லை, திட்டவில்லை.

“எந்தக் கிளைண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

“கும்பகோணம்.”

எழுந்து போய்ப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அது நைந்து காலர் கிழிந்திருந்தது.

கும்பகோணம் கிளை மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்தார்.

“மயில்சாமியா? அந்தக் கவரை நானே பாத்திருக்கேன் சார். ரொம்ப நாளா பெட்டியில கெடந்துச்சு. இந்தப் போகிக்குத்தான் பழசையெல்லாம் சுத்தம் பண்ணிக் கொளுத்தினோம்” என்றார்.

போகி போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தை பிறப்பதற்கு முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் பூவாயி அந்தப் பெட்டியில் இருந்திருப்பாள். என் பென்ஷன் பத்திரமாக வந்து சேர்ந்தது.

சுப்ராயன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, “எழுதி வச்ச நோட்டு ஏதும் இருக்குங்களா?” என்று கேட்டான். மேனேஜர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, விரலை வைத்துப் படித்தார்.

“மயில்சாமி. தம்பதி படம், ஒண்ணு. ஆள் இல்லைன்னு ஆகஸ்ட் மூணாந்தேதி திரும்பி வந்திருக்கு.”

“ஆகஸ்டுன்னா ஆடிங்களா?”

“ஆமாங்க, ஆடிதான்.”

சுப்ராயன் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“அப்ப ஆள் இருந்தோம்ணே. ரெண்டு பேருமே இருந்தோம்.”