சாஃப்ட்னரில் ஊறிய படகுப் பாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்த வாரம், கொச்சிக் கடலில் நடந்தது இது. அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கிற குடும்பத்துக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் என் கணவரிடம் பல தடவை கேட்டேன்.

அவருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. போனையும் ஷிப்மென்ட்டையும் கொஞ்சம் மறந்துவிட்டு இருக்கச் சொன்னார் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் தோட்டத்தில் நாலு தென்னையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிப் போட்டார். எனக்கோ நீச்சல் தெரியாது. கடலில் ஒரே ஒரு தடவை நான் பயந்தாலும் படகை விற்றுவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போதுகூடப் போனைக் கீழே வைக்காத மனிதர், படகில் ஏறினால் அதைத் தொடுவதே இல்லை.

படகின் பாய் நைந்து போயிருந்தது. கொச்சியில் பாய் தைக்கிறவர் இரண்டு துண்டுத் துணியைக் காட்டினார். ஒன்று பந்தயப் படகுக்காரர்கள் விரும்புவது, பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய பளபளப்பான துணி. இன்னொன்று கெட்டியாக நெய்த வெள்ளைப் பாலியஸ்டர். படகு பழசு, கனமானது, நீங்களும் நிதானமாக ஓட்டுகிறவர்கள், வெள்ளையே போதும் என்றார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் துணி விஷயத்தில் இன்னொருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அவர் திருப்பூர்க்காரரா? துண்டுத் துணி ஊருக்கு வந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைக் கசக்கினார்கள், இழுத்தார்கள், கன்னத்தில் தேய்த்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அது கைமாறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் லைக்ரா சேர்த்தால் காற்றுக்கு இழுத்துக் கொடுக்கும் என்று என் தங்கை வீட்டுக்காரர் யோசனை சொன்னார். இவர்களில் ஒருவர்கூடக் கடலில் கால் நனைத்ததற்கு மேல் போனதில்லை. எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் வெள்ளைத் துணியையே வாங்கினார். ஆனால் தைப்பது நம் கம்பெனியில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். உலகத்துக்கே துணி தைத்து அனுப்புகிறவன் ஒரு பாயை வெளியில் கொடுப்பதா என்று கேட்டார். பாய் தைக்கிறவர் துணி ரோலையும் அளவையும் கொடுத்து, துணி விறைப்பாகத்தான் இருக்கும், அந்த விறைப்புதான் காற்றைத் தாங்கும் என்று சொல்லியே அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் இவர் ரோலைப் பிரித்துக் கசக்கிப் பார்த்தார். அப்பளம் மாதிரி மொடமொடத்தது.

"ஹேண்ட் ஃபீலே இல்லியே அம்மிணி" என்றார். தொட்டால் கைக்கு இதமாக இல்லையாம்.

மறுநாள் அந்தத் துணி தெரிந்தவர் சாயப்பட்டறைக்குப் போய், வெந்நீரில் வெந்து, இரண்டு மடங்கு சாஃப்ட்னரில் ஊறித் திரும்பி வந்தது. மெத்தென்று ஆக்காமல் ஒரு துணியையும் வெளியே விட மாட்டார்கள் எங்கள் ஊரில். பழக்கதோஷம். தைத்து முடித்தபோது பாய் பட்டுச்சேலை போல் கையில் வழிந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆஹா என்றார்கள். விறைப்பாக இருக்க வேண்டும் என்று பாய் தைக்கிறவர் சொன்னாரே என்று நான் கேட்டேன். அவருக்கு ஃபினிஷிங் பற்றி என்ன தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

பொங்கல் கழிந்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, புதுப் பாயைக் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும், படகைப் பார்த்துக்கொள்கிற கொச்சிக்காரர் ஒருவருமாகக் கிளம்பினோம். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து நம் பக்கத்துக் காற்றுதான் அங்கே கடலைப் பார்த்து வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ள, சுகமாகவே போனோம். திரும்பும்போதுதான் வினை. எதிர்க்காற்றில் கரைக்கு ஏற வேண்டுமென்றால் பாய் விறைத்து நிற்க வேண்டும். எங்கள் பாயோ இழுத்த பக்கமெல்லாம் நீண்டு, பழைய பனியன் தொந்தியில் தொங்குவது போலத் தொங்கியது. படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவியது. காற்று வலுத்தது. இன்ஜினைப் போட்டால், கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அதுவும் நின்றது. கரையில் இருந்த கட்டடங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவிநாசியப்பரில் ஆரம்பித்துத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

படகுக்காரர் போன் செய்து கூப்பிட்டதில் ஒரு மீன்பிடிப் படகு வந்து கயிறு போட்டது. கயிற்றைக் கட்ட எங்கள் படகில் ஏறிய மீனவர் பாயைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி, சட்டை தைக்கலாம் என்று மலையாளத்தில் மனதாரச் சொன்னார். என் கணவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கரை நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"பயந்துட்டியா அம்மிணி? நாஞ் சொன்ன சொல்லு சொல்லுதான். வித்தறலாம்."

துணி விஷயத்தில் அந்த மனிதர் தோற்று நான் பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டே அவர் கை சட்டைப்பையில் போனைத் தேடியதையும் பார்த்தேன்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கோவந்தான் வருது."

அதற்குப் பிறகு கரை சேரும்வரை விடாமல் திட்டித் தீர்த்தேன். அவர் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த முறை பாய் தைக்கிறவரிடம் நானும் கூடப் போனேன். படகிலேயே அளவெடுத்து, அதே வெள்ளைத் துணியில் அவரே தைத்துக் கொடுத்தார். கசக்கிப் பார்க்க நீண்ட என் கணவரின் கையை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாய் இன்றும் மொடமொடவென்று நிற்கிறது. சாஃப்ட்னரில் ஊறிய பழைய பாயோ எங்கள் கம்பெனியில் துணி ரோல்களின் மேல் தூசிக்காகப் போர்த்திக் கிடக்கிறது. வருகிறவர்கள் இன்னும் அதைத் தடவிப் பார்த்து ஆஹா என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பத்திரிகை படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம், உயிரே போய்விடும் என்கிற பயம். அதைச் சொன்னால் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுப் படகை விற்றுவிடுவார். படகு போனால் போன் மறுபடியும் அவர் கைக்கு வந்துவிடும். எனக்குக் கடலைவிட அந்தப் போனைக் கண்டால்தான் பயம்.