காகிதம் பிரிக்காத பூட்டு

டாக்டர் பெட்டியோடு பஸ் ஏறிய நாள் ஒரு வியாழக்கிழமை. ஊரார் கூடிக் கட்டிய ஆறு கட்டில் ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே டாக்டர் அவர்தான். பஸ் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் கமிட்டித் தலைவர் ஒரு புதுப் பூட்டோடு வந்து நின்றார். கடைக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி எதுக்கும்மா? சாத்திடலாம்."

நர்ஸ் வாசலை மறித்து நின்றாள். மூடினால், பிரசவ வலி எடுத்த பெண் டவுன் ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். ஊர் அந்த நர்ஸுக்குப் பட்டாசு என்று சும்மாவா பெயர் வைத்தது?

"மூணாம் கட்டில்ல தையல்காரர் இருக்காரே! அவரையும் சேர்த்துப் பூட்டுவீங்களா?"

"சரி, அவர் வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் பூட்டிக்கலாம்." பூட்டை மருந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார் தலைவர்.

அங்கேதான் நர்ஸுக்குப் பொறி தட்டியது. அடுத்த நோயாளி வரும்வரை, இருக்கிற நோயாளி போகக்கூடாது!

"கால் சரியாயிடுச்சும்மா. நடந்து காட்டட்டுமா?" என்றார் தையல்காரர்.

"நடந்தீங்க, இன்னொரு காலுக்கும் கட்டுப் போட்டுடுவேன் மாமா!"

அவர் போவதற்குள் பள்ளிக்கூட வாத்தியார் காய்ச்சலோடு வந்தார். அவருக்குப் பின்னால் வயிற்றுவலிக்காரி. இப்படியே பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் மதியம் ஆறு கட்டிலும் காலி! மோப்பம் பிடித்ததுபோல் தலைவர் வந்துவிட்டார். நர்ஸ் அப்போதுதான் சோப்புத் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பார்த்து வாங்க..."

பார்க்கவில்லை. பூட்டு இருந்த அலமாரியை நோக்கி வீசி நடந்தவர் மல்லாந்து விழுந்தார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

"மூணாம் கட்டில்!" நர்ஸ் கூவினாள். சந்தோஷத்தை மறைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் மாட்டுவண்டியில் ஒரு பெண் பிரசவ வலியோடு வந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸின் அதட்டல், "இன்னும் கொஞ்சம்! விடாதே கண்ணு!" இந்தப் பக்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலைவரும் முக்கினார். குழந்தை வீறிட்டது. தலைவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏன் தலைவரே, கால் வலிக்குதா?"

"நீ சும்மா இரும்மா."

கட்டுப் பிரித்த அன்றே நொண்டிக்கொண்டு கிளம்பியவர், ஆறு நாள் அலைந்து ஒரு டாக்டரம்மாவைக் கையோடு அழைத்துவந்தார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஓய்வுபெற்று வீட்டிலிருந்த பட்டாசு நர்ஸின் செல்போன் சிணுங்கியது. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் செய்தி அனுப்பியிருந்தாள்:

"அக்கா, அறுபது கட்டிலோட புதுக் கட்டடத்துக்கு மாறிட்டோம். பழைய மருந்து அலமாரியில ஒரு பூட்டு கிடைச்சுது. காகிதம்கூடப் பிரிக்கல. இது எந்தக் கதவுக்கு?"