பதினாறு வெற்றி, அதில் நான்கு வேண்டாதவை

தாட்சாயினி ஒருநாளும் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் இருந்தாள். அதிலும் பாதி நாள் வெளியே வாங்குப் பலகையில் இருந்து கைதட்டியதுதான் மிச்சம். இப்போது முப்பத்தொரு வயது. தாய் சிவலட்சுமியோடு உருத்திரபுரத்தில் இருக்கிறாள். தினமும் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், ஒரு விவசாய மருந்துக்கடையில் களைநாசினியும் பூச்சிமருந்தும் விற்கிறாள். அப்படிப்பட்டவளைக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு மேலாளராக்கியவன் கனடாவில் இருக்கும் அண்ணன் நிருஷன்.

அணி என்றால் மண்ணில் நிற்கிற அணி அல்ல. இணையத்தில் நடக்கும் லீக். விளையாட்டுக்காரர் எல்லோரும் கணினி உண்டாக்கிய ஆட்கள். பெயர், உயரம், வயது, குணம்வரை அதுவே கொடுத்துவிடும். யாரை வைத்திருப்பது, யாரை மாற்றுவது, யாரை இறக்குவது என்பதை மட்டும் நிருஷன் உட்படப் பன்னிரண்டு மேலாளர்கள் தீர்மானிப்பார்கள். ஆட்டத்தைக் கணினி ஆடி முடித்துவிடும். இங்கே விடியும்போது முடிவு வந்திருக்கும். தாட்சாயினி அதைப் பஸ்ஸில் பார்ப்பாள். இந்தப் பருவத்தில் பெரும்பாலான காலைகள் அப்படித்தான் நாசமாகின.

அவளுக்குக் கிடைத்தது யாரோ கைவிட்டுப்போன அணி. பெயர் வன்னி யானைகள். அதில் தேறின ஆள் ஒருவன்தான், டோரியன் வெப். தூரத்தில் நின்று எறிந்தாலும் பந்து கூடைக்குள் விழும்.

"அவனை வச்சுக்கொண்டு நீ ஒருநாளும் மேல வரமாட்டாய். வயசு போகுது. வித்துப்போட்டு இளம் பெடியளை எடு. உடைச்சுத்தான் கட்டவேணும்," என்றான் நிருஷன்.

"ஆருக்கு விக்கிறது?"

"எனக்குத் தா."

கொடுத்தாள். பதிலுக்கு மில்டன் பெக் என்ற ஏழடி உயர இளைஞன் வந்தான். அதோடு, பருவ முடிவில் நடக்கும் புதுமுகத் தேர்வில் ஆள் எடுக்க நிருஷனுக்கு வரும் முதல் முறையும் அவளுக்கு என்று பேச்சு. இரண்டு புதுமுகங்களை எடுக்கலாம் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தத் தேர்வில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், சம்பியன் கடைசியாக எடுக்கும். இந்த விதி அவளுக்குத் தெரியும். டோரியனைக் கொடுத்தால் அண்ணனுடைய அணி சம்பியனாகிவிடும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

மில்டன் உயரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாதவன். எதிரி தவறு செய்தால், யாரும் மறிக்காமல் நின்று எறிய ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். அதைக்கூடத் தவறவிடுவான். ஒரு புள்ளியால் தோற்ற ஆட்டம், இரண்டு புள்ளியால் தோற்ற ஆட்டம் என்று எல்லாவற்றிலும் அவன் விட்ட பந்துகள்தான் கணக்கில் நின்றன. கொஞ்சம் தேறிவருகிறான் என்றபோது முழங்கால் போயிற்று.

அன்று கடையில் வாடிக்கைக்காரர் ஐயாத்துரை நெல்லுக்கு மருந்து வாங்க வந்து நின்றார். அவள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் பிள்ளை முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? ஆருக்கும் சுகமில்லையோ?"

"என்ர சென்டருக்கு, ஐயா. முழங்கால் முறிஞ்சு போச்சு."

ஐயாத்துரை சற்று யோசித்தார். "சென்டருக்கு எப்பிடிப் பிள்ளை முழங்கால் முறியும்?"

நடுவில் நிற்கும் ஆட்டக்காரனை அப்படிச் சொல்வார்கள் என்று அவள் விளங்கப்படுத்தினாள். அப்படி ஓர் ஆளே உலகத்தில் இல்லை என்பதையும் சொல்லவேண்டி வந்தது. அவர் மருந்தை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போனார்.

மில்டன் திரும்பி வந்தபோது பருவம் முடியக் கொஞ்ச ஆட்டங்களே இருந்தன. யானைகள் அடிமட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டுப் புதுமுகங்களில் உண்மையான ஆட்டக்காரன் ஒருவன்தான் இருந்தான். கடைசி இடத்தில் நின்றால் அவன் அவளுக்கு. நிருஷன் அழைத்தான்.

"மில்டனை இறக்காதை. வாங்கில இருத்து. இப்ப தோக்கிறதுதான் உனக்கு நல்லது."

"கால் சுகமாகி வந்தவனைத் தோக்கிறதுக்கெண்டு இருத்தி வைக்கிறதோ?"

"அவன் உண்மையான ஆள் இல்லையடி."

"எனக்குத் தெரியும். ஏலாது."

இறக்கினாள். பருவம் முழுக்க உதவாத மில்டன் அந்த வாரம் பேய் பிடித்தவன்போல் ஆடினான். யானைகள் தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்றன. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் வெற்றியைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். யானைகள் கீழிருந்து மூன்றாவதாக ஏறிவிட்டன. அந்த ஆட்டக்காரன் வேறொருவருக்கு என்றாகிவிட்டது. அடுத்த வாரமே நிருஷனுடைய அணி சம்பியனாயிற்று. இறுதி ஆட்டத்தில் கூடுதல் புள்ளி எடுத்தவன் டோரியன். அவளுக்குத் தருவதாகச் சொன்ன முறை வரிசையில் கடைசிக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அழைத்தான். அவள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை.

"அண்ணனோட ஏன் கதைக்கிறாயில்லை?" என்று சிவலட்சுமி கேட்டாள்.

"அவர் என்னை ஏமாத்திப்போட்டார்."

"என்னத்தில?"

சொன்னாள். சிவலட்சுமி குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இல்லாத பெடியனைக் குடுத்து இல்லாத பெடியனை வாங்கினதுக்கோ இந்தக் கோவம்?"

பருவம் முடிந்ததும் ஒவ்வொரு மேலாளரும் லீக்கின் பக்கத்தில் ஒரு மதிப்பீடு எழுதவேண்டும். மற்றவர்கள் நாலு வரியோடு விட்டுவிடுவார்கள். தாட்சாயினி இரண்டு பின்னேரம் இருந்து எழுதினாள்.

"எண்பத்திரண்டு ஆட்டத்தில் பதினாறு வெற்றி. கடைசி நான்கும் எனக்கு வேண்டாதவை. ஆனாலும் மில்டனை இறக்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பருவமும் இறக்குவேன். நின்ற இடத்தில் இருந்து பந்தெறிய அவனுக்கு யாராவது பழக்கிவிட்டால் நன்றி. டோரியனைக் கொடுத்ததுதான் என் முட்டாள்தனம். வாங்கியவர் நல்ல மேலாளர். நல்ல அண்ணனா என்பதை இந்த லீக் தீர்மானிக்கத் தேவையில்லை."

அதற்குக் கீழே எல்லோரும் சிரித்துப் பதில் போட்டார்கள். நிருஷன் தாயின் தொலைபேசிக்கு அழைத்தான். சிவலட்சுமி அதை ஒலிபெருக்கியில் போட்டு மகளின் முன்னால் வைத்துவிட்டாள்.

"உங்கட முறை கடைசிக்குப் போகுமெண்டு தெரிஞ்சுதானே டோரியனைக் கேட்டனீங்கள்?" என்றாள் தாட்சாயினி.

"ஓம். தங்கச்சியெண்டு பாத்தால் விளையாட ஏலாது. மற்ற பத்துப்பேரோடயும் அப்பிடித்தான் விளையாடுறன். உனக்கு மட்டும் விட்டுத் தரவேணுமோ?"

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் விட்டுத்தா என்று கேட்க அவளுக்கும் விருப்பமில்லை.

"சரி, வேணுமெண்டால் டோரியனைத் திருப்பி எடு. சும்மா தாறன்," என்றான் அவன்.

அவள் தன் தொலைபேசியில் டோரியனின் பக்கத்தைத் திறந்தாள். வேகம் இறங்கிவிட்டது. சம்பளம் கொடுத்து வைத்திருக்கவேண்டிய ஒப்பந்தம் மட்டும் இன்னும் நான்கு பருவத்துக்குக் கிடந்தது.

"நீங்களே வச்சிருங்கோ," என்றாள்.

"நீயும் விளையாடப் பழகீட்டாய்," என்றான் நிருஷன்.

மூன்றாவது முறையில் அவள் குள்ளமான ஒருவனை எடுத்தாள். நிருஷன் தந்த கடைசி முறையில் இன்னொரு ஏழடிக்காரனை. புதுப் பருவம் தொடங்கி ஐந்து ஆட்டத்தில் நாலு தோல்வி. அண்ணனும் தங்கையும் மறுபடி ஞாயிறுகளில் கதைக்கிறார்கள். கதை சண்டையாக முற்றினால் சிவலட்சுமி தொலைபேசியைப் பறித்து, அங்கே குளிர் எப்படி என்று கேட்கத் தொடங்கிவிடுவாள்.