பிசின் புகை

போன வாரம் படப்பையில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைக்கிற சூடான கோலை என் போனின் வயிற்றில் வைத்ததும் மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரல். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "இன்னாக்கா, தல சுத்துதா? உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். தலை சுற்றவில்லை. மாரி ஞாபகம் வந்துவிட்டது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தோம். தங்கியதும் ஒரே வாடகை அறை. நான் வந்தவாசிப் பக்கம், முத்துமாரி சங்கரன்கோவில். நான் 'இன்னா' என்றால் அவள் சிரிப்பாள். அவள் 'ஏட்டி' என்றால் நான் சிரிப்பேன். ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டுவது வேலை. அந்தப் புகை வாசனை எனக்குப் பிடிக்கும். ஷிப்ட் முடிந்து துப்பட்டாவை முகர்ந்து பார்க்கிற பைத்தியம் நான்.

ஒரு நாள் மாரியின் இமைகள் தடித்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். ஓ.டி. பார்க்கிற எல்லாருக்கும் கண் அப்படித்தான் இருக்கும். பிறகு கன்னம் சிவந்து, கழுத்து வரை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சற்றுத் தணியும். வேலைக்குப் போனால் மறுபடி பொங்கும். கேன்டீனில் எங்களோடு சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்குப் போனார்கள்.

வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "அம்ம போட்டுக்கீதும்மா" என்றார். நல்ல மனசோடுதான் சாம்பிராணி போட்டு அவள் முகத்தருகே சுற்றினார். மறுநாள் காலை மாரியால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கையைப் பிடித்து பாத்ரூமுக்கு அழைத்துப் போனேன். "எனக்கு என்னட்டி ஆவுது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நான் அந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துவிட்டாள்.

தோல் டாக்டரம்மா அவள் முதுகில் என்னென்னவோ மருந்துகளைச் சின்னச் சின்னதாக ஒட்டி, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு இடம் சூடு போட்டதுபோலச் சிவந்திருந்தது.

"இது தொத்து வியாதி இல்லம்மா. ஈயக் கம்பிக்குள்ள ஒரு பிசின் வெச்சிருப்பாங்க, பைன் மரத்துலேர்ந்து எடுக்கறது. அது உனக்கு ஒத்துக்கல. இனிமேலும் ஒத்துக்காது. சாம்பிராணியும் பிசின்தான், அதுவும் சேரல."

"அந்த மரத்த நான் பாத்ததே இல்லையே டாக்டர்" என்றாள் மாரி.

சூப்பர்வைசர் நல்லவர், பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அன்று மாரி அறைக்கு அல்வா வாங்கி வந்தாள். தங்கச்சியின் நர்சிங் படிப்பு அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. ஆனால் பேக்கிங்கில் வெளிநாட்டு மரப்பெட்டிகள். புதுப் பலகையில் முடிச்சு இருந்த இடங்களில் பிசுபிசுவென்று கசிந்திருக்கும். கொஞ்ச நாளில் கை இரண்டும் வீங்கி, விரல் மடங்காமல் வந்து நின்றாள். என்ன மரம் என்று சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். அவர் யாருக்கோ போன் போட்டு விசாரித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுவும் பைன்தான்.

மாரி அழவில்லை. "இது விடாது போலட்டி" என்று சொல்லிப் பையை இறக்கினாள். அவளால் முடியாததால் துணிகளை நான் மடித்து வைத்தேன். பெருங்களத்தூரில் ஊருக்கு பஸ் ஏறும்போது முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அதே பெஞ்சில், அதே புகையில் இருந்த என் தோலில் ஒரு பொட்டுத் தடிப்புகூட இல்லை.

சில மாதம் கழித்துப் போன் செய்தாள். "மூஞ்சி தெளிஞ்சிட்டுட்டி. ஜவுளிக்கடைல நிக்கேன். பழைய மாதிரியே ஆயிட்டேன்."

பிறகு அவள் எண் வேறு யாருக்கோ போய்விட்டது. தொழிற்சாலையை மூடினார்கள். எங்கள் வாடகை அறை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அவளுடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அறையில் இருந்தபோது எடுக்கத் தோன்றவே இல்லை. முகம் தடிப்பதற்கு முந்தைய மாரியோடு எத்தனையோ நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான். அந்த முகத்தை நினைக்க உட்கார்ந்தால் வருவது வீங்கிய முகம்தான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.