தண்ணீர் நிரப்பிய ட்ரெய்லர்

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெக்சஸ் ரிச்சர்ட்சனில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட் வாசலில் ஒரு வெள்ளை ட்ரெய்லர் வந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஆள் திரும்ப முடியாத ஒரு பாத்ரூம். மொத்தத்தில் சக்கரம் வைத்த வீடு. அதன் முன்னால் எங்களுடைய சின்ன பிக்கப் டிரக் நின்றுகொண்டிருந்தது. குருவி தலையில் பனங்காய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இது அதை இழுக்குமா?"

"இழுத்துட்டுத்தானே வந்திருக்கேன்."

எங்கிருந்து இழுத்து வந்தார் என்று விசாரித்தேன். நாலு தெரு தள்ளி. நாங்கள் போக வேண்டியதோ நியூ ஜெர்சி.

ஏன் போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து முடித்த கையோடு கல்யாணமாகி டெக்சஸ் வந்தவள். இங்கே மறுபடி பரீட்சை எழுதி, ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்கிற பயிற்சி இடம் கிடைத்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும். பரீட்சையில் ஒரு முறை கோட்டைவிட்டு அடுத்த முறை தேறினேன். எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடவில்லை. வருஷங்கள் போயின. சமைத்தேன், டி.வி. பார்த்தேன், சண்டை போட்டேன். ஒரு ஜூன் மாதத்தில் நியூ ஜெர்சியிலிருந்து போன் வந்தது. தேர்வான ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லையாம், அந்த இடம் எனக்காம். ஜூலை ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவர் அடுத்த நாளே தன் டெலிகாம் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும். உனக்கு இந்த சான்ஸ் திரும்ப வராது" என்றார். வேலை கிடைக்கிற வரையில் குடியிருக்கத்தான் ட்ரெய்லர். சிநேகிதர்கள் எல்லாரும் என்னை ஃப்ளைட்டில் அனுப்பிவிட்டு அவரை மெதுவாக வரச் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. இருக்கிற வேலையை எனக்காக விட்ட மனிதரைத் தனியாக ரோட்டில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் முழுசாகக் கையில் இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

இனி தண்ணீர் விஷயம். ட்ரெய்லரை விற்ற அமெரிக்கக் கிழவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: பின்பக்கம் இருக்கிற தண்ணீர் டாங்கைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், தங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். என் கணவர் பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "காலியா போகணுமாம். வழியில தண்ணி வரலன்னா என்ன பண்றதாம்?"

நாங்கள் இரண்டு பேரும் மெட்ராஸில் வளர்ந்தவர்கள். குழாயில் காற்று வருகிற சத்தம் கேட்டாலே தூக்கத்தில் எழுந்து குடத்தைத் தேடுகிற ரகம். அமெரிக்காவில் எந்தக் குழாயும் எங்களைக் கைவிட்டதில்லை. இருந்தாலும் பிரயாணம் என்றதும் கை தானாகக் குழாயைத் திருகியது. அவர் டாங்க் வழிகிற வரை நிரப்பினார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், எவர்சில்வர் குடம், பெரிய குக்கர், இட்லிப் பானை, எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். சமையலறை பின்பக்கம் இருந்ததால் அத்தனையும் பின்பக்கம். அரிசி மூட்டைகளும் கோயம்புத்தூர் கிரைண்டரும் சமையலறைச் சாமான்தானே, அவையும் பின்பக்கம். முன்பக்கக் கட்டிலில் சாமி படங்களைப் பட்டுப் புடவையில் சுற்றி வைத்து, அந்த இடத்தில் வேறெதுவும் படக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் ஆர்க்கன்சா வழியாகப் போனோம். சமதரை. எங்களைத் தாண்டிப் போகிற காரெல்லாம் ஹாரன் அடித்தது. சிலர் ஜன்னலை இறக்கிக் கையை நீட்டிப் பின்னால் காட்டினார்கள். என் கணவர் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையாட்டினார்.

"தெற்கத்தி ஜனங்களே தனி. எவ்ளோ ஃப்ரெண்ட்லி பாரு" என்றார்.

ட்ரெய்லர் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே வந்ததைக் காட்டியிருக்கிறார்கள், பாவம். சாயங்காலம் தங்கிய இடத்தில் பார்த்தபோது பக்கெட் பாதி காலியாகியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி நிரப்பினேன். திருந்துகிற ஜன்மமா?

இரண்டாம் நாள் பிற்பகல், டென்னசியில் ஒரு மலை இறக்கம். வண்டி தானாக வேகமெடுத்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பின்பாதி தெரிந்தது. நேராக வருகிற ட்ரெய்லர் அவ்வளவு தெரியாதே என்று நினைக்கும்போதே அது காணாமல் போய், அவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்தது. மறுபடி என் பக்கம். ஒவ்வொரு தடவையும் எங்கள் டிரக்கையும் சேர்த்து உதறியது. அவர் பிரேக்கை மிதித்தார், ஆட்டம் இன்னும் அதிகமானது. பின்னால் வந்த லாரிகள் விலகி நின்றுவிட்டன. செத்துப் போவோம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் என் இடத்தை யாருக்கோ கொடுத்துவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. மனுஷ புத்தியைப் பாருங்கள்.

"காலை எடுங்க, காலை எடுங்க" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். இறக்கம் முடிந்து ரோடு கொஞ்சம் மேலே ஏறியது, வேகம் குறைந்தது, ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்தினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

ட்ரெய்லர் கதவைத் திறந்தால் உள்ளே குளம். குடம் உருண்டு கிடந்தது. குக்கர் மூடி கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அவர் கீழே இறங்கிப் பக்கவாட்டில் நின்று வண்டியைப் பார்த்தார். ட்ரெய்லரின் பின்பக்கம் ரோட்டைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது.

"வெயிட்டெல்லாம் வால்ல வெச்சிருக்கோம். நம்ம டிரக் புடிச்சிருக்கறது மூக்கை மட்டும். வால் ஆடினா மூக்கு என்ன பண்ணும்?"

"எஞ்சினியருக்கு இது கெளம்பும்போதே தெரிய வேணாமா?"

"தண்ணின்னு வந்துட்டா நான் எஞ்சினியர் இல்ல, மெட்ராஸ்காரன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ரோட்டோரத்தில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம். அப்புறம் அவர் டாங்கின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். நல்ல தண்ணீர், குடிக்கிற தண்ணீர், கொடகொடவென்று புல்லில் இறங்கி ஓடியது. என் வயிறு எரிந்தது. பக்கெட்டில் மிச்சமிருந்ததையாவது வீணாக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நின்ற ஒரு மரத்தின் வேரில் ஊற்றினேன். டென்னசி மலையில் மழைக்குப் பஞ்சமா? ஆனாலும் ஊற்றினேன். பிறகு அரிசி மூட்டைகளையும் கிரைண்டரையும் முன்பக்கம் நகர்த்தினோம். சாமி படங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, கோவிச்சுக்காதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ட்ரெய்லர் சாதுவாகப் பின்னால் வந்தது. ஆனால் பனங்காய் பனங்காய்தானே. வர்ஜீனியாவில் ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். எங்கள் டிரக் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. இன்ஜின் சூடு ஏறுவதும், நிறுத்தி ஆற வைப்பதும், மறுபடி கிளம்புவதுமாக நாட்கள் கரைந்தன. முழுசாக ஒரு வாரம் என்று நினைத்தது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஒரு ஏற்றத்தில் கியர் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. தீய்ந்த வாடை அடித்தது. எப்படியோ உருட்டிக்கொண்டுபோய், ட்ரெய்லர்கள் நிறுத்துகிற ஒரு தோப்பில் சேர்த்தார்.

ட்ரெய்லரை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லத் துடித்தேன், சொல்ல முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். வாங்கிய அன்று வாசலில் நிறுத்திவைத்து அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரும்பு கடகடக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து ட்ரெய்லர் தனியாக நிற்பதற்கான முட்டுக்கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கழட்டறேன். இதை இழுத்தா கியர் மொத்தமா போயிடும். டிரக் தனியா போனா தாங்கும்."

"நாம இருக்கப்போற வீடுங்க இது."

"வீடு எங்க வேணா பாத்துக்கலாம். ஏழு மணிக்கு நீ அங்க நிக்கணும்."

தோப்பின் சொந்தக்காரி ஒரு நடுத்தர வயது அம்மாள். நிறுத்திவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அரிசியையும் கிரைண்டரையும் டிரக்கின் பின்பக்கம் ஏற்றினோம், சாமி படங்கள் என் மடிக்கு வந்தன. அவர் ட்ரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "வந்து எடுத்துக்கறேன்" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. இலை உதிர்கிற காலத்தில் அந்த அம்மாளுக்கே விற்றுவிட்டார்.

பாரம் இறங்கியதும் டிரக் பறந்தது. "பாத்தியா, எப்படிப் போகுது பாத்தியா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கண் மட்டும் அடிக்கடி பக்கத்துக் கண்ணாடிக்குப் போனது. நான் ஆமாம் ஆமாம் என்றேன். இரவெல்லாம் அவரே ஓட்டினார்.

நியூ ஜெர்சிக்குள் நுழைந்து ஒரு பெட்ரோல் பங்க்கில் முகம் கழுவி, இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கேட்டை அடைந்தபோது ஏழு ஆகவில்லை. காவலாளி எங்கள் டிரக்கைப் பார்த்தார். சேறு, அரிசி மூட்டை, கயிறு போட்டுக் கட்டிய கிரைண்டர், நாலு நாள் தாடியோடு ஒரு மனிதர். சாமான் வண்டியெல்லாம் பின்பக்கம் போக வேண்டும் என்று கையைக் காட்டினார்.

என் கணவர் ஜன்னலை முழுக்க இறக்கினார். "இல்லை சார். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று தன் மெட்ராஸ் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

காவலாளி குனிந்து உள்ளே பார்த்து, "குட் மார்னிங், டாக்டர்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

அமெரிக்கா வந்த நாளாக என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் நானே ஹவுஸ்வைஃப் என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு வேலையையும் விட்டு, வீட்டையும் வழியில் விட்டுவிட்டு வந்த ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முதலில் வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாத. கண்மை கரையப்போகுது" என்றார். "எறங்கு, நேரமாச்சு."

சாமி படங்களை அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மறுபடி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. பார்க்காமல் உள்ளே போனேன்.