ஒட்டு விட்டதா, மரம் விட்டதா

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, டவுனில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தேன். மாணவர்கள் போன பிறகு சொந்த ஆராய்ச்சி. பாலைத் திரிய வைத்து எடுத்த பொடியில் சுண்ணாம்பு கலந்தால் மரத்தை ஒட்டும் பசை கிடைக்கும். கடற்காற்றின் ஈரத்திலும் அது விடாமல் பிடிக்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

மாம்பலகைத் துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டி, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எந்த எடையில் பிரிகிறது என்று குறிப்பேன். ஆறு மாதம் குறித்தும் ஒழுங்கு தென்படவில்லை. ஒரே கலவை இன்று இரும்பாகப் பிடிக்கும், நாளை பட்டென்று போய்விடும். துறைத்தலைவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "வேற ஏதாவது எடுத்துக்கம்மா" என்றார்.

நூலகத்தில் ஓர் அலமாரி நிறையப் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் இருந்தன. ஒன்றில் நான் எடைக்கல்லைத் தொங்கவிடுவது போலவே ஒரு படம். எனக்கோ பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வீட்டில் பிரெஞ்சு பேசும் கிறிஸ்தவக் குடும்பம். அக்கா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் அரை மணி நேரம் வரி வரியாகத் தமிழில் சொல்லுவார். ரசாயனம் தெரியாததாலேயே எதையும் தாண்டிப் போகமாட்டார்.

நாலாவது நாள் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பிரிஞ்ச எடத்தப் பாருன்னு போட்டிருக்கு. ஒட்டு விட்டுச்சா, மரம் விட்டுச்சான்னு. நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. எடையை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

"துண்டெல்லாம் எங்க?"

கூடத்துக்குப் பின்னால் வெந்நீர் அடுப்புக்கு விறகாகக் கிடந்தன. இருவரும் ஓடினோம். பாதி எரிந்துபோயிருந்தது. மிச்சத்தைச் சாக்கில் அள்ளி வந்து தரையில் பரப்பினோம். பென்சிலால் போட்டிருந்த எண்களை அவர் படிக்கப் படிக்க, நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சீக்கிரம் போனவற்றில் பலவற்றில் பசை விடவே இல்லை. பலகைதான் நார்நாராகக் கிழிந்திருந்தது. ஆறு மாதமாகப் பசையைத் திட்டியிருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கெட்டிப் பலகையாகத் தேடி மறுபடி ஆரம்பித்தேன். இம்முறை ஒழுங்கு தெரிந்தது. சென்னையில் ஒரு கூட்டத்தில் படிக்கக் கட்டுரை எழுதி, அக்காவுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். துறைத்தலைவர் அதைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"படிச்சுக் காட்றதெல்லாம் ஆராய்ச்சியாம்மா?"

எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் ரயிலேறினேன்.

கூட்டத்தில் ஒருவர், உடைந்த பரப்பைப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். எனக்குத் தோன்றவில்லை, எங்கள் நூலகத்து அக்கா பிரெஞ்சில் படித்துவிட்டு என்னைக் கேட்ட பிறகுதான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் துறைத்தலைவர் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முடிந்ததும் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, அந்தப் பிரெஞ்சுக் கட்டுரை இங்கிலீஷில் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் அவரே நூலகத்துக்கு வந்தார். "இத இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்க முடியுமாம்மா?"

"முடியும் சார். மேல எம் பேரு இருக்கணும்" என்றார் அக்கா.

துறைத்தலைவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போட்டுக்கம்மா" என்றார்.

அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அவர் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டேன். அக்கா தாளை உருவிப் போட்டுவிட்டு வேறு தாள் மாட்டினார்.

"மொதல்லேருந்து அடி."